ஒரு நோய் வந்தபோது மற்ற நோய்கள் எங்கே சென்றன?



2021-ஆம் ஆண்டின் மழைக்காலம் அது. கொரோனாவின் இரண்டாம் அலை தணிந்து, பூட்டிக் கிடந்த பள்ளிவாசல்கள் மீண்டும் திறக்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இரண்டு நாட்களாகச் சளியும் இருமலுமாக இருந்தார். பொறுப்பானவர் என்பதால் தாமாகவே சென்று பரிசோதனை செய்துகொண்டார். முடிவு வந்ததும் தொலைபேசியில் அழைத்து, "ஹஜ்ரத், கொரோனா இல்லை என்று வந்துவிட்டது. இஷாவுக்குப் பள்ளிக்கு வரலாமா?" என்று கேட்டார். "அல்ஹம்துலில்லாஹ், தாராளமாக வாருங்கள்" என்றேன்.

அவர் வந்து முதல் ஸஃப்பில் நின்றார். அவருக்கு அருகில், முப்பது ஆண்டுகளாக அதே இடத்தில் நின்று தொழுதுவரும் ஆஸ்துமா நோயாளியான ஒரு பெரியவர் நின்றார். ஐந்தாம் நாள் பெரியவருக்குக் கடும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவருக்கும் கொரோனா இல்லை என்றே முடிவு வந்தது. "இது இன்ஃப்ளுயன்ஸா, கொரோனாவைப் போலவே இவருடைய வயதில் இதுவும் ஆபத்தானதுதான்" என்று மருத்துவர் கூறினார். அல்லாஹ்வின் அருளால் அவர் உயிர் பிழைத்தார். ஆனால், பள்ளிவாசல் வரை நடந்து வரும் வலிமை அவருக்குத் திரும்பவே இல்லை.

அந்த இளைஞரிடமிருந்துதான் இவருக்குத் தொற்றியது என்று அறுதியிட்டுக் கூற என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. எனினும், "தாராளமாக வாருங்கள்" என்ற என்னுடைய சொல் என்னை உறங்கவிடவில்லை. கொரோனா இல்லை என்றால் நோயே இல்லை என்று எப்படி நான் எண்ணினேன்? உலகில் ஒரே ஒரு வைரஸ்தான் உலவுகிறது என்று எனக்கு யார் சொன்னது? இந்தக் கேள்விகளே இத்துறையின் வரலாற்றை என்னைப் படிக்க வைத்தன. படித்ததில் விளங்கியவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

பெயர் தெரியாத எதிரி

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சளி, இருமல், காய்ச்சல் என்பவை ஒரு நோயின் பெயர்கள் அல்ல. பல நோய்களின் பொதுவான அடையாளங்கள். வாசலில் தட்டுகிற ஓசை ஒன்றுதான்; தட்டுகிறவர்கள் பலர். அவர்களை ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரித்தறிய மனித இனத்திற்கு நெடுங்காலம் பிடித்தது.

1889-ஆம் ஆண்டின் இறுதியில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்து ஒரு பெருங்காய்ச்சல் கிளம்பி, புகைவண்டிகளிலும் கப்பல்களிலும் ஏறிச் சில மாதங்களில் உலகையே சுற்றி வந்தது. அது எதனால் வந்தது என்று அன்று யாருக்கும் தெரியாது. 1892-இல் ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் ஃபைஃபர், நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, இதுவே காரணம் என்று அறிவித்தார். அவருடைய புகழைக் கருதி உலகம் அதை ஏற்றுக்கொண்டது. கால் நூற்றாண்டு கழித்து 1918-இல் மாபெரும் கொள்ளைநோய் வந்தபோது, மருத்துவர்கள் ஃபைஃபரின் கிருமியைத் தேடினார்கள். சிலரிடம் அது இருந்தது, பலரிடம் இல்லை. ஆய்வுக்கூடங்கள் திகைத்து நின்றன.

ஒரு தவறான பெயர் எவ்வளவு காலம் நிலைத்திருக்கும் என்பதைப் பாருங்கள். அந்தப் பாக்டீரியா இன்ஃப்ளுயன்ஸாவை உண்டாக்குவதில்லை என்பது பின்னர் உறுதியாகிவிட்ட போதிலும், இன்று வரை அதன் பெயர் 'ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே' என்பதுதான்!

உண்மையான காரணம் 1933-இல்தான் பிடிபட்டது. இலண்டனில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் நோயாளிகளின் தொண்டையைக் கழுவிய நீரை நுண்ணிய வடிகட்டியில் வடித்து, ஃபெரட் என்னும் கீரி போன்ற சிறு பிராணியின் மூக்கில் இட்டார்கள். பாக்டீரியா புக முடியாத அந்த வடிகட்டியைக் கடந்து வந்த நீர், பிராணியை நோயில் தள்ளியது. அவற்றில் ஒன்று ஸ்மித்தின் முகத்திற்கு நேரே தும்மியது; அவரும் காய்ச்சலில் விழுந்தார். அவருடைய தொண்டையிலிருந்து அந்த வைரஸ் மீண்டும் பிரித்தெடுக்கப்பட்டது. ஒரு தும்மலே சாட்சியாக நின்ற ஆய்வு அது.

அதன் பிறகு, கதவைத் தட்டுகிறவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சாதாரணச் சளிக்குப் பெருங்காரணமான ரைனோ வைரஸும், கைக்குழந்தைகளின் நெஞ்சைப் பிடிக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸும் 1956-இல் கண்டறியப்பட்டன. 1960-களின் நடுவில் மனிதர்களிடம் கொரோனா வகை வைரஸ்களும் கண்டறியப்பட்டன. ஆம், கொரோனா என்னும் பெயர் 2020-இல் பிறந்ததன்று! பெரும்பாலும் சளியை மட்டும் உண்டாக்கும் நான்கு கொரோனா வைரஸ்கள் நம்மிடையே நெடுங்காலமாக உலவி வருகின்றன. அவற்றுள் ஓசி43 எனப்படும் ஒன்று மாட்டினத்திலிருந்து மனிதருக்குத் தாவிய காலம் 1890-ஐ ஒட்டியதாக இருக்கலாம் என்று 2005-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அப்படியானால், 1889-இன் அந்தப் பெருங்காய்ச்சலே ஒரு கொரோனாவாக இருந்திருக்குமோ என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

1918: கொன்றது யார்?

1918-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்கு உலகம் 'ஸ்பானியக் காய்ச்சல்' என்று பெயரிட்டது. ஸ்பெயின் நாடு செய்த குற்றம் என்ன தெரியுமா? முதல் உலகப் போரில் அது நடுநிலை வகித்தது. போரிட்ட நாடுகள் தம் பத்திரிகைகளின் வாயைக் கட்டியிருந்தன; ஸ்பெயினின் பத்திரிகைகள் உள்ளதை உள்ளபடி எழுதின. உண்மையைச் சொன்னவன் தலையிலேயே பழியும் விழுந்தது.

அந்த நோய் உலகெங்கும் குறைந்தது ஐந்து கோடிப் பேரைப் பலிகொண்டது என்று மதிப்பிடுகிறார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நம் நாட்டில் மட்டும் இறந்தோர் ஒரு கோடிக்கும் மேல் என்பது பிற்கால ஆய்வாளர்களின் கணக்கு. 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய அந்த நோய், செப்டம்பரில் மீண்டும் பன்மடங்கு கொடூரமாகப் பாய்ந்தது. பம்பாய் மாகாணத்தைவிட நமது சென்னை மாகாணத்தில் இழப்பு குறைவாக இருந்தது.

ஆனால், இங்கே ஒரு நுட்பமான செய்தி உண்டு. 1918-இல் இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் துணுக்குகளையும் அக்காலப் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளையும் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள், 2008-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானோரின் மரணத்தில், வைரஸைத் தொடர்ந்து நுழைந்த பாக்டீரியாக்களின் நிமோனியாவுக்குப் பெரும்பங்கு இருந்தது என்பதே அது. வைரஸ் கதவை உடைத்தது. சாதாரணமாக மூக்கிலும் தொண்டையிலும் அமைதியாகத் தங்கியிருந்த கிருமிகள் அந்த வழியே உள்ளே புகுந்து வீட்டைக் கொள்ளையிட்டன. ஃபைஃபரின் கிருமியும் அந்தக் கும்பலில் ஒன்றுதான். பெருந்தொற்று தனித்து வருவதில்லை என்பதற்கு இது முதற்சான்று.

ஒன்று வர, ஒன்று மறைய

இரண்டாவது சான்று நமக்கு மிக அருகில் நிகழ்ந்தது. 1957-இன் தொடக்கத்தில் சீனாவில் புதிய இன்ஃப்ளுயன்ஸா ஒன்று தோன்றி, ஏப்ரலில் ஹாங்காங்கை அடைந்தது. மே மாதத்தின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கப்பலின் வழியாக அது இந்தியாவிற்குள் நுழைந்தது. பன்னிரண்டு வாரங்களில் நாடு முழுவதும் பரவிவிட்டது. நீலகிரி மலையில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய இன்ஃப்ளுயன்ஸா ஆய்வு மையம் அதை ஆராய்ந்து பதிவு செய்தது. 1958 பிப்ரவரி வரை நாட்டில் அறிவிக்கப்பட்ட நோயாளிகள் சுமார் 44 லட்சம் பேர். அறிவிக்கப்பட்ட மரணங்கள் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டின. உலகெங்கும் இறந்தோர் சுமார் 11 லட்சம் என்று மதிப்பிடப்படுகிறது.

வியப்பு இதில் இல்லை. 1918-இன் கொடிய வைரஸ் அந்த ஆண்டோடு அழிந்துவிடவில்லை. அதன் வழித்தோன்றலான எச்1என்1 வகை, வீரியம் குறைந்து, ஆண்டுதோறும் வரும் காய்ச்சலாக நாற்பது ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்தது. 1957-இல் எச்2என்2 என்னும் புதியது வந்தபோது, பழைய எச்1என்1 மனிதர்களிடமிருந்து முற்றிலும் மறைந்துபோனது. பதினோரு ஆண்டுகள் கழித்து 1968-இல் ஹாங்காங்கில் எச்3என்2 தோன்றியது. உடனே எச்2என்2 மறைந்தது. ஒருவன் அரியணை ஏற, முன்னவன் இருந்த இடம் தெரியாமல் போனதைப் போல!

அப்படியானால் எப்போதும் ஒரே ஓர் இன்ஃப்ளுயன்ஸாதான் இருக்குமா? அப்படியும் விதி வகுத்துவிட முடியாது. 1977-இல் சீனாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் எச்1என்1 திடீரெனத் திரும்பி வந்தது. ஆராய்ந்தபோது அது 1950-களில் உலவிய வைரஸை ஏறத்தாழ அப்படியே ஒத்திருந்தது. இருபது ஆண்டுகள் மனிதரிடையே உலவியிருந்தால் அது கட்டாயம் மாறியிருக்கும்; மாறாமல் இருந்ததால், ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்திலோ தடுப்பூசிச் சோதனையிலோ உறைநிலையில் வைக்கப்பட்டிருந்த கிருமியே வெளிப்பட்டிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த நோய் பெரும்பாலும் 25 வயதுக்கு உட்பட்டவர்களையே பிடித்தது. மூத்தவர்கள் இளமையிலேயே அதைச் சந்தித்திருந்தார்கள். அவர்களுடைய உடல் பழைய பகைவனை மறந்திருக்கவில்லை. இம்முறை புதிதாக வந்தது பழையதை விரட்டவும் இல்லை. எச்1என்1, எச்3என்2 ஆகிய இரண்டும் அருகருகே வாழத் தொடங்கின.

ஒரு சளி காத்த கதவு

மூன்றாவது சான்று 2009-இல் கிடைத்தது. 'பன்றிக் காய்ச்சல்' என்று நாம் அழைத்த புதிய எச்1என்1, அவ்வாண்டு ஏப்ரலில் மெக்ஸிகோவிலும் அமெரிக்காவிலும் வெளிப்பட்டது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என அறிவித்தது. வழக்கம்போல அது, 1977 முதல் உலவிய பழைய எச்1என்1-ஐ ஓரங்கட்டிவிட்டது.

ஆனால், ஐரோப்பாவில் ஓர் எதிர்பாராத காட்சி. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்ததும் நோய் வெடிக்கும் என்று அஞ்சியிருந்தார்கள். ஸ்வீடனிலும் பிரான்ஸிலும் அது தாமதமானது. அவ்வேளையில் அங்கே குழந்தைகளிடையே பரவிக்கொண்டிருந்தது என்ன? நாம் அலட்சியமாக எண்ணும் சாதாரணச் சளியின் ரைனோ வைரஸ்! அந்தச் சளி குறையத் தொடங்கிய பின்னரே பெருந்தொற்று உயர்ந்தது. பிரான்ஸில் ஆர்.எஸ்.வி. தன் வழக்கமான பருவத்திற்குப் பிந்தியே வந்தது.

இதற்குக் காரணம் என்ன? ஓர் உயிரணுவை ஒரு வைரஸ் தாக்கியதும், அது அண்டை அணுக்களுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. அந்த எச்சரிக்கையைச் சுமந்து செல்லும் பொருளுக்கு 'இன்டர்ஃபெரான்' என்று பெயர். அதைப் பெற்ற அணுக்கள் கதவை அடைத்துக்கொள்கின்றன; முதலில் வந்த வைரஸுக்கு மட்டுமன்றி, அடுத்து வருகிற வேறொரு வைரஸுக்கும் அந்தக் கதவு சில நாட்களுக்குத் திறப்பதில்லை. முதன்முதலில் இன்ஃப்ளுயன்ஸா வைரஸைப் பிரித்தெடுத்த அதே இலண்டன் நிறுவனத்தில், அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மான் ஆகிய இருவர் இதைக் கண்டறிந்தார்கள். அது நடந்த ஆண்டும் 1957-தான்! தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்தால் மற்ற வீட்டினர் தாழிட்டுக்கொள்வதைப் போன்றதோர் ஏற்பாட்டை நம் மூக்கின் உள்ளேயே அமைத்துவைத்த இறைவன் எவ்வளவு தூயவன்!

எனினும், இதைக் கேட்டு யாரும் சளியைத் தேடிப் போய்விடக் கூடாது. இந்தக் காவல் சில நாட்களுக்கே நீடிக்கும். எல்லோரிடமும் ஒரே அளவில் இருக்காது. இரண்டு வைரஸ்கள் ஒரே உடலில் சேர்ந்து தாக்குவதும் உண்டு. 2020 பிப்ரவரி முதல் 2021 டிசம்பர் வரை பிரிட்டனின் மருத்துவமனைகளில் கொரோனாவால் சேர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 7,000 பேருக்கு மற்ற வைரஸ்களும் உள்ளனவா என்று சோதித்ததில், 583 பேரிடம் இன்ஃப்ளுயன்ஸா, ஆர்.எஸ்.வி., அடினோ ஆகியவற்றில் ஒன்றும் சேர்ந்தே இருந்தது. கொரோனாவோடு இன்ஃப்ளுயன்ஸாவும் சேர்ந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று அந்த ஆய்வு கூறியது.

2020: காணாமல் போன காய்ச்சல்

இனி நாம் கண்ணால் கண்ட காலத்திற்கு வருவோம். 2020 மார்ச் 11 அன்று கொரோனா பெருந்தொற்று என அறிவிக்கப்பட்டது. கடைகள் அடைக்கப்பட்டன, பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, ஜும்ஆ இல்லாத வெள்ளிக்கிழமைகளை நம் வாழ்நாளில் முதன்முறையாகக் கண்டோம். 2019-இல் சுமார் 25 லட்சம் ஹாஜிகள் கூடிய புனித மக்காவில், 2020-இல் சவூதிக்குள் வசித்தோரில் மிகச் சிலரே ஹஜ் செய்தார்கள். 2021-இல் அந்த எண்ணிக்கை 60,000-ஆக வரையறுக்கப்பட்டது. அந்நாட்களில் தொலைக்காட்சியில் வெறிச்சோடிய மதாஃபைப் பார்த்து அழாத கண் உண்டா?

அந்த அமைதிக்குள் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியா, சிலி, தென் ஆப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை, அதாவது அவர்களுடைய குளிர்காலக் காய்ச்சல் பருவத்தில், 83,307 பேரின் மாதிரிகளை இன்ஃப்ளுயன்ஸாவுக்காகச் சோதித்தார்கள். எத்தனை பேரிடம் இருந்தது தெரியுமா? வெறும் 51 பேரிடம்! அமெரிக்காவில் 2019-20 பருவத்தில் இன்ஃப்ளுயன்ஸாவால் இறந்ததாகப் பதிவான குழந்தைகள் 199 பேர். அடுத்த பருவத்தில் ஒரே ஒரு குழந்தை.

முகக்கவசமும், இடைவெளியும், மூடிய பள்ளிகளும், நின்றுபோன விமானங்களும் சேர்ந்து இன்ஃப்ளுயன்ஸாவின் பாதையை அடைத்துவிட்டன. கொரோனாவை முழுதும் நிறுத்தப் போதாத அந்தத் தடுப்புகள், அதைவிடக் குறைந்த வேகத்தில் பரவும் இன்ஃப்ளுயன்ஸாவை நிறுத்தப் போதுமானவையாக இருந்தன. ஒரு வைரஸின் கிளை அடியோடு மறைந்தே போனதாகத் தெரிகிறது. இன்ஃப்ளுயன்ஸா 'பி' வகையின் யமகாட்டா கிளை, 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் இயற்கையாகப் பரவியதாக உறுதி செய்யப்படவில்லை. ஆகவே, தடுப்பூசியில் இனி அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 செப்டம்பரில் ஆலோசனை கூறியது.

ஆனால், எல்லாம் மறைந்துவிட்டனவா? இல்லை. ரைனோ வைரஸ் அந்த நாட்களிலும் உலவிக்கொண்டே இருந்தது. இன்ஃப்ளுயன்ஸாவையும் கொரோனாவையும் சுற்றிக் கொழுப்பினாலான ஓர் உறை உண்டு. சோப்பும் கிருமிநாசினியும் அந்த உறையை எளிதில் சிதைத்துவிடும். ரைனோவுக்கு அந்த உறை இல்லை. ஆகவே அதைச் சிதைப்பது அவ்வளவு எளிதன்று. கதவின் கைப்பிடியிலும் குழந்தையின் கையிலும் அது தாக்குப்பிடித்தது.

தடுப்புகள் தளர்ந்ததும் மறைந்திருந்தவை திரும்பின. அதுவும் பருவம் தவறித் திரும்பின! குளிர்காலத்தில் வரவேண்டிய ஆர்.எஸ்.வி., மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020-இன் இறுதியில், கோடையை நெருங்கும் வேளையில் பெருகியது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 2021-இன் கோடையிலேயே குழந்தைகள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். அடைபட்ட காலத்தில் பிறந்த குழந்தைகள் எந்த வைரஸையும் சந்திக்கவில்லை. தாய்மார்களும் அண்மையில் சந்திக்காததால் குழந்தைக்குக் கொடுக்க அவர்களிடம் எதிர்ப்பாற்றல் குறைவாகவே இருந்தது என்று அறிஞர்கள் விளக்கினார்கள். 2022-இன் குளிர்காலத்தில் கொரோனா, இன்ஃப்ளுயன்ஸா, ஆர்.எஸ்.வி. மூன்றும் சேர்ந்து அமெரிக்க மருத்துவமனைகளை நிரப்பின. நம் நாட்டிலும் 2023-இன் தொடக்கத்தில் எச்3என்2 காய்ச்சல் வேகமாகப் பரவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இப்போது என் மஹல்லாவின் அந்த மழைக்காலத்தை எண்ணிப் பாருங்கள். நாங்கள் எல்லோரும் கொரோனா என்னும் ஒரே வாசலைக் காவல் காத்துக்கொண்டிருந்தோம். பின்வாசல் வழியாகப் பழைய விருந்தாளி திரும்பி வந்ததை யாரும் கவனிக்கவில்லை. காவலுக்கு நின்ற நானே கதவைத் திறந்துவிட்டேன்.

உள்ளதை எழுதிய அறிஞர்

ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்களை நாம் அறிவோம். அவர்கள் தம் மகள்கள் மூவரைக் கொள்ளைநோயில் இழந்தவர்கள். அந்த நோய் வைரஸால் வருவதன்று. பாக்டீரியாவால் வரும் பிளேக். அதைப் பற்றி அவர்கள் தனியொரு நூலே எழுதினார்கள். ஹிஜ்ரி 833-இல், அதாவது 1430-இல், கெய்ரோவில் பிளேக் தோன்றியபோது நாளொன்றுக்கு இறந்தோர் நாற்பதுக்கும் குறைவு. மக்கள் மூன்று நாட்கள் நோன்பு நோற்று, ஊருக்கு வெளியே பாலைவெளியில் பெருங்கூட்டமாகக் கூடி துஆச் செய்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு மாதம் முடிவதற்குள் நாளொன்றுக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதை இமாம் அவர்கள் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! மார்க்கத்தின் மாபெரும் அறிஞர் ஒருவர், மக்கள் கேட்க விரும்பாத எண்ணிக்கையை ஏன் எழுதினார்கள்? நடந்ததை நடந்தபடி சொல்வதும் ஓர் அமானிதம் என்பதால்தான். நோன்பும் துஆவும் வீண் என்று அவர்கள் கூறவில்லை. கண்ட உண்மையை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தார்கள், அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் என்னுடைய தவறை நான் எழுதத் துணிந்ததும் அவர்களைப் படித்த பிறகே.

அதற்கும் முன்னர், ஹிஜ்ரி 18-இல் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே தங்கி, தோழர்களிடம் ஆலோசித்துத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது தோன்றினால் தப்பியோடவும் வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் அங்கே எடுத்துரைத்தார்கள். இந்த அறிவுரையை ஆழ்ந்து கவனியுங்கள். அதில் நோயின் பெயர் முக்கியமன்று. என்னிடமிருந்து பிறருக்குத் தீங்கு செல்லக் கூடாது என்னும் கவலையே முக்கியம்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, அன்பிற்குரியவர்களே! பரிசோதனை முடிவு ஒரு வைரஸைப் பற்றி மட்டுமே சொல்கிறது. நம்முடைய இருமல் எதனால் என்பதை அது முழுதும் சொல்லிவிடாது. காய்ச்சலும் இருமலும் உள்ளவர் வீட்டில் தொழுவதால் அவருடைய ஜமாஅத் ஆர்வம் குறைந்துவிடாது. பக்கத்தில் நிற்கும் முதியவரின் உயிரை மதித்தவராகவே அவர் ஆவார். இன்றியமையாத வேலையாக வெளியே செல்ல நேர்ந்தால் முகக்கவசம் அணியுங்கள். சளி பிடித்தவர் கைக்குழந்தையை முத்தமிடுவதைச் சில நாட்கள் தள்ளிப் போடட்டும். ஐங்காலமும் வுளூவில் கை கழுவும் நாம், இருமிய கையோடு முஸாஃபஹா செய்வதைத் தவிர்ப்போம். பள்ளிவாசலின் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். இந்த வைரஸ்களின் பெயர்கள் பலவாயினும் காற்றோட்டம் அவற்றுக்கு ஆகாது. முதியவர்களும் நெஞ்சக நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இன்ஃப்ளுயன்ஸா தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 1956-இல் கண்டறியப்பட்ட ஆர்.எஸ்.வி.க்கு 2023-இல்தான் முதல் தடுப்பூசி அனுமதி பெற்றது. அறிவைத் தேடுவோரின் உழைப்பு எத்தனை நீண்டது பாருங்கள்!

அந்தப் பெரியவரைச் சில மாதங்கள் கழித்து வீட்டில் சென்று கண்டேன். நாற்காலியில் அமர்ந்து அஸர் தொழுதுகொண்டிருந்தார். ஸலாம் கொடுத்து முடித்ததும், "ஹஜ்ரத், முதல் ஸஃப்பில் என் இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள்?" என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். "நல்ல பிள்ளை. இருமல் வந்தால் மட்டும் நான்கு நாள் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்" என்றார். அதில் என் மீது குறையேதும் இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய ஜும்ஆ உரையை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! பெருந்தொற்றில் நம்மைப் பிரிந்தவர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவானாக! நம்மால் எவருக்கும் தீங்கு நேராதவாறு நம் நாவையும் கையையும் மூச்சையும் காத்தருள்வானாக! ஆமீன்.